மூன்றாவது பொத்தான்

வீட்டில் ஒரு விஷயத்திலாவது ஜெயித்தே தீருவது என்று போன சனிக்கிழமை காலை முடிவு செய்தேன். தோற்றால் என் இருட்டறை போய்விடும். இருட்டறை என்பது எங்கள் அடுக்குமாடி வீட்டின் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. இரண்டு வருடங்களுக்கு முன் அதன் அடுப்பின் மேல் பலகை போட்டு, ரசாயனத் தட்டுகளை அடுக்கி, படம் கழுவ ஆரம்பித்தேன். அன்றிலிருந்து என் மனைவி இர்மேலி சனிக்கிழமைதோறும் துண்டைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு டிராம் மாறி, தன் அக்கா வீட்டுக்குப் போய் நீராவியில் வேர்த்துவிட்டு வருகிறாள். ஹெல்சிங்கியில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாதாம். வாரத்துக்கு ஏழு நாள் சொல்வாள்.

நான் படம் எடுப்பது ரயிலில், முன்பின் தெரியாதவர்களை, அவர்களுக்கே தெரியாமல். கேமரா ஓவர்கோட்டுக்குள் தொங்கும். மூன்றாவது பொத்தானைப் பிய்த்துவிட்டு அந்த இடைவெளியில் லென்ஸை வைத்திருக்கிறேன். கேமராவிலிருந்து ஒரு கம்பி கோட்டின் கைக்குள் புகுந்து உள்ளங்கைக்கு வரும். அமுக்கினால் போதும்.

"எல்லாருக்கும் தெரியுதுங்க," என்றாள் இர்மேலி.

"ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு வருஷத்துல யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா?"

"அப்ப இன்னிக்குப் போய் ஒரு ரோல் எடுத்துட்டு வாங்க. யாராவது உங்களைக் கவனிச்சிருந்தா சவுனா எனக்கு. இல்லேன்னா உங்களுக்கே."

"கவனிக்கிறது என்ன? ஒரு கண்ணு என் கோட்டுப் பக்கம் திரும்பினாலே சவுனா உனக்கு," என்றேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொண்டு ஓடும்.

"சரி."

"கூட வந்து வேவு பார்க்கலையா?"

"எதுக்குங்க? அதான் படம் வருமே."

அவள் ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள் என்று யோசித்தபடியே ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டேன்.

ஹாகனியெமி ஸ்டேஷனில் மெட்ரோ ரயில் ஏறினேன். எதிரே மடியில் கேக் பெட்டியுடன் ஒரு பெரிய உடம்புக்காரர். பக்கத்தில் காலுறை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். அவர்களைச் சுற்றி இன்னும் ஐந்து பேர். எப்படியும் ஓடுகிற ரயிலின் இரைச்சல் கேமராவின் சத்தத்தை விழுங்கிவிடும். முப்பத்தைந்து படங்கள் அப்படியே முடிந்தன. கடைசிப் படத்துக்கு விரலை அழுத்தினேன். அந்த நொடி பார்த்து ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதில் என் நெஞ்சிலிருந்து 'களக்' என்றது.

பின்னல் ஊசி நின்றுவிட்டது. கேக் பெட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுந்து வந்து கோட்டைப் பிடிப்பார், மானம் கப்பலேறிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருமே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில் நகர்ந்தது. மயிரிழையில் தப்பித்தேன்.

சாயங்காலத்துக்குள் படங்களைக் கழுவி, காயவைத்து, வெற்றி வீரனாகச் சமையலறை மேசையில் பரப்பினேன். இர்மேலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசிப் படத்தை எடுத்தாள்.

"ஏங்க, ஏழு பேரும் சன்னலுக்கு வெளியே பார்க்கிறாங்களே, அங்க என்ன இருக்கு?"

"சுரங்கம்."

"சுரங்கத்துல?"

"சுவர்தான். கறுப்பா இருக்கும்."

"கறுப்புச் சுவரையா ஏழு பேரும் இவ்வளவு ஆசையாப் பார்க்கிறாங்க?"

போய்ப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, முகங்களை விட்டுவிட்டுச் சன்னல் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இருட்டுக் கண்ணாடியில் ஏழு முகங்களும் பளிச்சென்று பிரதிபலித்தன. பதினாலு கண்களும் அந்தக் கண்ணாடி வழியாக என் மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னல் அம்மாளின் கண்ணில் பாவம் என்கிற பார்வை வேறு. மற்ற படங்களையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையே," என்றேன் ஈனக்குரலில்.

"நம்ம ஊர்ல யாருங்க சொல்லுவா? காலை மிதிச்சாக்கூட, மிதிச்சவர் இறங்குற ஸ்டேஷன் வரைக்கும் பொறுத்துக்கிற ஜனம்."

தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தேன். அவள் பலகையை எடுத்துவிட்டு அடுப்பை முடுக்கினாள். இரண்டு வருடமாகக் குளிர்ந்து கிடந்த அடுப்புக் கற்கள் சூடேறத் தொடங்கின. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. படத்தைக் கையில் எடுத்ததுமே உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல நானும் சன்னல் கண்ணாடியிலதானேங்க உங்களைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."