மைக் கொடுத்த மகராசர்

பெண்களுக்கு இடம் கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், கால் கடுக்க நின்றுவிட்டு இறங்கிப் போய்விடுவார். இவர் வேறு. இடத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்திலேயே தாமும் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த கதையை ஊரெல்லாம் சொல்லி, வாங்கியவள் நன்றி சொன்னாளா என்று கடைசிவரை கவனித்துக்கொண்டிருப்பவர்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில் அவருக்கு மரிய ஜோசப் என்று பெயர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆணும் பெண்ணும் சரிசமமாகப் பாடி வாசிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு ‘சமத்துவ இசைக்குழு’ ஒன்றைத் தொடங்கினார். தலைவர் மரிய ஜோசப். செயலாளர் அவருடைய மைத்துனர். பொருளாளர் அந்த மைத்துனருக்கு மைத்துனர். பெண்களுக்கு என்ன பதவி? பெண்கள்தான் இக்குழுவின் கண்கள் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தது. கண்களுக்கு எதற்குப் பதவி?

ஒத்திகை மாலை ஐந்து மணிக்கு. அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவார்கள். இது தலைவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், போன மேடையிலெல்லாம் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “வாய்ப்புக் குடுத்தும் வரமாட்டேங்குறாகளே!” என்று வருந்துவார். உள்ளபடியே வருந்துவார். வருந்திய இரவுகளில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

“ஏங்க, ஏழரைக்கு வைங்க. எல்லாரும் வந்துருவாக” என்றாள் மனைவி செபஸ்தியம்மாள்.

“ஏழரைக்கு வச்சு நீயும் பாடப் போயிட்டா, எனக்குச் சோறு யாரு போடுவா?”

சமத்துவத்துக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இத்தனையையும் மீறி ஒத்திகைக்கு வந்து சேர்ந்தவள் மெர்லின். அவளும் தோட்டத்துக்குப் போகிறவள்தான்; ஒத்திகை நாட்களில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்தாள். ஜீப்பில் பெண்கள் பாடிக்கொண்டு போகும்போது தகரத்தில் தட்டித் தட்டித் தாளம் பழகியவள். பிறகு கோயில் பாட்டுக்குழுவின் டோலக்கைக் கேட்டு வாங்கி அதிலும் பழகிக்கொண்டாள். பாட்டுக்குழுவில் டோலக் வாசித்தவர் திருப்பூருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. “ஒங்க இசைக்குழு நடத்துற மகளிர் தின விழாவுல வாசி, கேக்குறேன். நல்லா இருந்தா ஈஸ்டர் பாஸ்காவுக்கு நீதான்” என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். கோயிலில் ஒரு பெண் தாள வாத்தியத்தில் கை வைப்பது அந்த ஊரில் அதுவரை நடக்காத காரியம். மெர்லினுக்கு ராத்திரியெல்லாம் விரல்கள் தாமாகத் தாளம் போட்டன.

மரிய ஜோசப்புக்கும் தூக்கம் போயிற்று. அவருடைய கவலை வேறு. டோலக் வாசிக்கும் புதுமைப் பெண் என்று தேனிவரை சுவரொட்டி ஒட்டியாயிற்றே, அந்தப் பெண் தப்பாக வாசித்துவிட்டால் யாருடைய பெயர் கெடும்? யோசித்து யோசித்து, மகன் ரெக்ஸைக் கூப்பிட்டார்.

“ஏலே, நீ படுதாவுக்குப் பின்னால உக்காந்து ரிதம் பேடுல டோலக்குச் சத்தத்த வாசி. அவ மைக்க அமத்திப்புடுவோம். கை அவளோடது, சத்தம் நம்மளோடது. புள்ளைக்கு ஒரு தைரியம் பாரு!”

இதை வஞ்சகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனமார அதை உதவி என்றே நம்பினார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான்.

விழா நாள். சாமியார் முன்வரிசையில். பெண்கள் பாட, மெர்லின் வாசித்தாள். முதல் பாட்டின் நடுவில் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தாள். டோலக் நிற்கவில்லை! ஒலிபெருக்கியில் அது பாட்டுக்கு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மெர்லின் திரும்பிப் பார்த்தாள். படுதாவுக்குக் கீழே ரெக்ஸின் கால் தெரிந்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. நாளைக்கு இது ஊருக்குத் தெரியும். தெரிந்த பிறகு ஆயுசுக்கும் அவளை டோலக் பக்கம் விடமாட்டார்கள்.

மேடையோரம் நின்ற தலைவரிடம் குனிந்து, “பெரியப்பா, எம் மைக்கப் போடச் சொல்லுங்க” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சும்மா சிரிச்ச மொகமா தட்டு ஆத்தா. போட்டோ எடுக்குறாக.”

அப்போதுதான் கரண்டு போனது. அந்த வருடங்களில் அது போகாத நாள் ஏது? ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் தலைவர் அதை விளக்குகளுக்கு மட்டும்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார், தம் படம் போட்ட பேனர் இருட்டிவிடக் கூடாதென்று. ஆகவே பேனரில் மரிய ஜோசப் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்க, ஒலிபெருக்கி செத்தது. ரெக்ஸின் பேடும் செத்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

மெர்லின் டோலக்கை மடியில் இறுக்கிக்கொண்டு அடித்தாள். அத்தனை ஆத்திரமும் அடியில் இருந்தது, ஆனால் தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. கூட்டத்திலிருந்த ஜீப்புப் பெண்களுக்கு அந்தத் தாளம் தெரியும். ஒருத்தி பாட்டை எடுத்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கரண்டு திரும்பியதும் பேடும் உயிர் பெற்று மெர்லினின் தாளத்துக்குக் குறுக்கே விழுந்தது. செபஸ்தியம்மாள் விறுவிறுவென்று படுதாவுக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கினாள்.

“ஏலே ரெக்சு, எறங்கு. வாசிக்கிறவ அங்கன இருக்கா.”

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் முன்பே மைக் தலைவர் கைக்கு வந்திருந்தது. “ஒரு பெண்ணோட தெறமைய ஒலிபெருக்கி இல்லாமலே ஒலகம் கேக்கணும்னு, நான்தான் கரண்ட நிப்பாட்டச் சொன்னேன்!”

பாஸ்காவுக்கு மெர்லின்தான் வாசித்தாள். மரிய ஜோசப் முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு பாட்டை முடிக்கும்போதும் தமக்கு யாராவது கைகொடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லை, வீட்டுப் பெண்களைப் பேச விடுகிறவர், பாட விடுகிறவர். ‘விடுகிறேன்’ என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். அப்படிச் சொன்னபோது மைக் யார் கையில் இருந்தது?