ஊசிக்கு மூடி போட்ட வாத்தியார்

எனக்குத் தெரியாததும் உலகத்தில் உண்டு என்று அறுபத்திரண்டு வயதில்தான் ஒத்துக்கொண்டேன். அதுவும் நானாக இல்லை. ஓர் ஊசி ஒத்துக்கொள்ள வைத்தது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரத்தக் குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு தருமபுரி பஸ்ஸில் போய் வந்தவன், இன்று பென்னாகரத்தில் சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். ஆறு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். (ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.)

போன வருடம், லேபைப் பெருக்கும் முனியம்மா குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளே கிடந்த ஊசி அவள் கையில் ஏறிவிட்டது.

"கண்ண எங்க வெச்சிருந்த? மஞ்சளப் பூசிக்கிட்டு வேலையப் பாரு" என்றேன். பூசிக்கொண்டாள். வேலையைப் பார்த்தாள்.

பத்து நாளில், லேப் கழிவு பற்றி ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. வெளியாள் எதற்கு? அன்றைக்கே நானே வாத்தியார் ஆனேன்.

"மூடி போடாம வீசறதாலதான் ஊசி குத்துது. குழம்புச் சட்டியத் திறந்தா போடுவீங்க?"

டெக்னீசியன் சுதா எழுந்தாள். "ஐயா, குத்தின ஊசிக்கு மூடி போடவே கூடாதுங்க. அப்படியே வெட்டி, கெட்டி டப்பாவுல போடணுங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ரத்தம் சுமந்தவன் நான். உக்காரும்மா."

காலையில் பயன்படுத்திய ஊசி ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்தேன். ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி. முகம் மட்டும் சபையைப் பார்த்து. அழுத்தினேன். ஊசி மூடிக்குள் போகவில்லை, என் கட்டைவிரலுக்குள் போனது. அவசரத்தில் விரலை வாயில் வைத்தேன்.

"வாயில வெக்காதீங்க ஐயா! சோப்பு போட்டுக் கழுவுங்க!" சுதா கத்தினாள்.

அது யார் ரத்தம்? காலையில் வந்தவர்கள் பதினெட்டுப் பேர். தட்டைக் கேட்டால் சொல்லுமா?

பின்வரிசையிலிருந்து முனியம்மா மெல்லக் கேட்டாள்: "மஞ்சள் எடுத்தாரட்டுங்களா மொதலாளி?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் காரில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா.

"இப்படி மூடச் சொல்லி யாருங்க உங்களுக்குக் கிளாஸ் எடுத்தது?"

"நாந்தாங்க எடுத்தேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதினார். "ஒடனே வந்துட்டீங்க. எச்.ஐ.வி. தொத்தாம இருக்கற மாத்திரை, மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் இது கேக்கும்."

"பத்து நாள் ஆயிருந்தா?"

"மாத்திரை பிரயோசனம் இல்லைங்க. டெஸ்ட் பண்ணிப் பண்ணிக் காத்திருக்க வேண்டியதுதான்."

மறுநாள் அதே காரில் முனியம்மாவை அழைத்துப் போனேன். அதன்பின் எனக்கு மாத்திரையும் வாந்தியும். அவளுக்கு வெறும் காத்திருப்பு, மாதக்கணக்கில்.

கடைசியில் இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. முனியம்மா அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவள்தான், திரும்ப வேலைக்கு வரவில்லை.

இப்போது நான் எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனாலே மருமகள் அலறுவாள்: "மாமா, மூடாதீங்க! அப்படியே டப்பாவுல போடுங்க!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

முனியம்மா வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்களோ. அங்கே யாராவது சிரிப்பார்களா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.