பேர்வெட்டியாரும் என் பதினொரு பாத்திரங்களும்

கையில் ஒரு சொம்பைக் கொடுத்தால் இந்தியா முழுவதையும் திருப்பிக் கொடுக்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்குடி செக்காலையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்த பேர்வெட்டியார். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. என் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அவர் செய்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் வாசலைத் தாண்டாது. கல்யாணம், காதுகுத்து என்றால் ஏழெட்டு வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றாகப் புழங்கும். எல்லாம் முடிந்ததும் பெயரைப் பார்த்துத்தான் அவரவர் எடுத்துப் போவார்கள். ஊரார் பெயரையெல்லாம் வெட்டிய அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கல்கத்தா, பெஜவாடா, பம்பாய் என்று பாத்திரக் கடைகளில் இருபது வருடம் உளி பிடித்துவிட்டு வந்தவர். அத்தனை ஊர் எழுத்தும் அவர் கைக்கு வரும். வந்ததோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

இரண்டு எழுத்து வெட்டுவார், உளியைக் கீழே வைப்பார், ஆரம்பித்துவிடுவார்.

"தமிழு, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் கூடப்பிறந்ததுக ஆத்தா. மலையாளம் கடைசி மட்டும் நம்ம வீட்டுல இருந்துட்டு, மலையைத் தாண்டித் தனிக்குடித்தனம் போச்சு. இந்தி, வங்காளம், மராத்தி, குஜராத்தி எல்லாம் வேற வகையறா. சமஸ்கிருதத்துக்குச் சொந்தம். ஆனா ரெண்டு வகையறாவும் பன்னெடுங்காலமாப் பக்கத்துப் பக்கத்து வீடு. குழம்பைக் குடுத்து ரசம் வாங்கியிருக்குதுக."

இடுப்பில் குழந்தை அழும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தோமோ என்று நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு அதெல்லாம் தெரியாது. "ஒடியாக்காரன் எழுத்து ஏன் உருண்டையா இருக்கு, சொல்லு பாப்பம்? பனையோலையில எழுத்தாணியால நேர்கோடு இழுத்தா ஓலை கிழிஞ்சுரும்த்தா. அதான் வளைச்சுப்புட்டான்" என்பார்.

ஒரு முறை தமிழ் வாத்தியார் ஒருவர் குடத்தோடு வந்து மாட்டிக்கொண்டார். "தமிழ்தான்யா எல்லாத்துக்கும் தாய்" என்று அவர் சொல்ல, பேர்வெட்டியார் உளியைக் கீழே வைத்தார்.

"மூத்த அக்கானு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். தாய் யாருனு தெரியலை. அவுக பேரு வெட்டுன பாத்திரம் இன்னும் கிடைக்கலையே!"

வாத்தியார் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டுக் குடத்தில் கடைசிவரை பாதிப் பெயர்தான்.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது ஒரு கூத்து. என் வீட்டுக்காரர் நேரில் பார்த்தது. கடைப் பலகையில் 'பெயர் வெட்டப்படும்' என்று பத்துப் பன்னிரண்டு மொழிகளில் எழுதி வைத்திருந்தார். தார்ச் சட்டியோடு மாணவர்கள் வந்து, இந்தி வரியை அழிக்க வேண்டும் என்றார்கள்.

"தாராளமா அழிங்க. ஆனா இந்த வரியும் அந்த வரியும் ஒரே எழுத்து. ஒன்னு இந்தி, ஒன்னு மராத்தி. எதை அழிக்கப் போறீக?"

"எது இந்தி? நீங்களே சொல்லுங்க."

"படிச்சுப் பாத்தா தெரியும்ல?"

"அதைப் படிக்க மாட்டோம்னுதானேய்யா வந்திருக்கோம்!"

"அப்ப என்னதான் செய்யிறது? மராத்திக்காரன் உங்களை என்ன செஞ்சான், பாவம்."

அவர்கள் கூடிக் கூடிப் பேசிவிட்டுத் தாரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உடனே இவர் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே ஊர்வலத்தில் போனாராம். "அடுத்த வீட்டுப் பானையை நம்ம அடுப்புல ஏத்தச் சொன்னா எவன் கேப்பான்?" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாராம். இப்படிப்பட்டவரிடம் போய் நான் பாத்திரத்தைக் கொடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

நாத்தனார் கல்யாணம் நெற்குப்பையில். "உன் பாத்திரத்தையும் குடு. பேரை வெட்டிக் குடு" என்றார் அத்தை. என் மாமியார்தான். என் மகள் பிறந்தபோது என் அம்மா கொடுத்த பதினொரு பாத்திரங்கள் அவை. வீட்டு மாட்டுப் பாலை ஊற்றி ஊற்றி, அந்தக் காசில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. ஒன்று தொலைந்தாலும் அம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். கொடுக்கலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தூங்காமல் கிடந்து, கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வாங்கப் போனால், கொப்பரையில் ஜிலேபி பிழிந்த மாதிரி என்னவோ வெட்டியிருக்கிறது. அண்டாவில் வேறு மாதிரி. தட்டில் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி.

"என்னங்கய்யா இது?"

"எல்லாம் உன் பேருதாந்த்தா. மீனாள், மீனாள், மீனாள். இது தெலுங்கு, இது குஜராத்தி, இது பஞ்சாபி. வங்காளத்துல உன் பேருக்குக் கடைசி எழுத்து இல்லை. இருக்கிறதை வச்சு ஒப்பேத்திட்டேன், கோவிச்சுக்காத."

"எனக்கே படிக்கத் தெரியலையே! பந்தியில யாரு படிப்பாக?"

"தமிழ்லதான் ஊரே வச்சிருக்கே. உனக்கும் அதுவேதானா?"

பத்துப் பாத்திரம் போய்விட்டது. மிஞ்சியது குழந்தைக்குப் பால் கொண்டுபோகும் சின்னத் தூக்கு ஒன்றுதான். அதையும் அஸ்ஸாமிக்கு ஒதுக்கி வைத்திருந்தாராம். "இதையாவது தமிழ்ல வெட்டித் தாங்க" என்று தெருவே பார்க்க அழுதுகொண்டே கத்தினேன். உளியை எடுத்து வெட்டிக் கொடுத்தார்.

கல்யாண வீட்டில் என் மானம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, காசிக்குப் போனப்ப சத்திரத்துல எடுத்துட்டு வந்தீகளோ?" என்றாள். அத்தை அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை.

பந்தி முடிந்து, கொல்லையில் பாத்திரங்களைக் கழுவிக் குவித்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு மீனாள். அந்தக் கொல்லையில் மட்டும் ஐந்து மீனாள் நின்றோம். "இது என்னுது", "இங்குட்டு குடுடி, என் பேரு போட்டிருக்கு கண்ணு தெரியலை?" என்று மற்ற நால்வரும் தலைமுடியைப் பிடிக்காத குறை. என் பாத்திரங்களை ஒருத்தியும் தொடவில்லை. "இந்தக் கிறுக்கல் எல்லாம் செக்காலைக்காரிது" என்று பத்தையும் அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பதினொன்றாவதைக் காணோம். எந்த மீனாளோ எடுத்துப் போய்விட்டாள். நல்ல மனசோடுதான் எடுத்திருப்பாள். அவள் பெயர்தானே அதில் இருந்தது!

மறுநாள் பேர்வெட்டியாரிடம் சண்டை போடத்தான் போனேன். அவர்மேல் தப்பா, கத்தி அழுது தமிழில் வெட்ட வைத்த என்மேல் தப்பா என்று வழியெல்லாம் யோசித்ததில் கோபம் பாதி கரைந்துவிட்டது. மீதிக் கோபத்தையும் கொட்டி முடித்தேன். அவர் எழுந்து போய், தன் சோற்றுத் தூக்கைக் கவிழ்த்து, கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எந்த எழுத்துலத்தா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அந்தப் பத்துப் பாத்திரங்களும் இன்றைக்கும் ஊரெல்லாம் போய் ஒழுங்காக வீடு திரும்புகின்றன. அவர் வெட்டிக் கொடுத்த அந்தத் தூக்கை மட்டும் நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.