கொருக்குப்பேட்டை கேட்டில் நின்ற ஊதாரி மகன்

ஆரம்பித்த கதையை முடிக்க வேண்டும் என்கிற அடிப்படை நாகரிகம்கூட இல்லாத மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் ராயபுரத்தில் இருக்கிறார். அதுவும் எங்கள் சர்ச் பங்கில். அதுவும் நான் பொறுப்பாளராக இருக்கும் ஞாயிறு மறைக்கல்வியில், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளின் புதுநன்மை வகுப்பு ஆசிரியராக.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் ‘தொடரும்’. பிள்ளைகளுக்கு ‘தொடரும் மாமா’. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் காலையில் நின்ற வண்டி மறுநாள் காலையிலும் அங்கேயே நிற்கும். டிரைவர்கள் இறங்கி ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். அங்கேதான் இவர் கதை சொல்லப் பழகினார். வண்டி நிற்கிறவரை கதை ஓடும். முன்வண்டி நகர்ந்தால் பாதி வார்த்தையில் கதையை விட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இருபது வருடம் இப்படியே கதை சொன்ன மனிதருக்கு முடிவு என்ற ஒன்று கதைக்கு உண்டு என்பதே மறந்துபோய்விட்டது.

இவர் எப்படி வகுப்புக்குள் வந்தார் என்று கேட்பீர்கள். புதுநன்மை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். பங்குத்தந்தை மூன்று ஞாயிறு பூசையில் ஆள் கேட்டும் ஒரு கைகூட உயரவில்லை. நான்காவது ஞாயிறு பின்வரிசையில் இந்தக் கை உயர்ந்தது.

“ஃபாதர், எனக்கு ஜெபம் கிபம்லாம் சொல்லித் தர வராது. கத வேணா சொல்வேன்.”

“இயேசுவும் கதைதானே சொன்னாரு, வாங்க” என்றார் ஃபாதர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்மண்டபம் பக்கம், துறைமுகச் சரக்குக்குக் காகித வேலை பார்க்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா. பத்தொன்பது வருடமாக மறைக்கல்வியை நடத்துகிறேன். ஒரு ஞாயிறு லீவு எடுத்ததில்லை. பாடப் புத்தகத்தில் முப்பது பாடம் என்றால் முப்பது ஞாயிறில் முப்பதும் முடியும். மழை வந்தாலும் முடியும்.

தொடரும் தம் முதல் ஞாயிறு நோவாவின் பேழையை எடுத்தார். பேழையைக் காசிமேட்டில் கட்டினார். கட்டுமரத்தையும் விசைப்படகையும் தினமும் பார்க்கிற பிள்ளைகள், வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மிருகங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. சிங்கம் நடுவில் புகுந்தது, கழுதை சண்டைக்குப் போனது. கடைசியாக யானை வந்தது.

“ஆன ஒரு கால பலக மேல வெச்சிச்சு. பலக ‘கிர்ர்ர்’னுச்சு. நோவா மேலேந்து கத்றாரு, ‘டேய் வாணாண்டா, பலக தாங்காதுடா!’ ஆன ரெண்டாவது கால தூக்கிச்சு...”

மணி அடித்தது.

“கியூ நகுந்துடுச்சு! வரட்டா?” என்று எழுந்து போயேவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். அந்த வகுப்பில் இருக்கும் ஜெனிஃபர் என்ற பெண்குழந்தையின் அம்மா அங்கே மீன் விற்கிறவர். சங்கரா எடுத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சார், அந்த ஆன ஏறிச்சா இல்லியா? ரெண்டு நாளா இந்தப் பொண்ணு பேஜாரு பண்ணிகினு கீது. ஏறிடுச்சி, தூங்குடின்னா, ‘நீ பாத்தியா’ன்னு கேக்குது.”

“ஏறிடுச்சும்மா. நானே சொன்னதா சொல்லு.”

“நீங்க சொன்னா செல்லாதாம் சார். அவருதான் சொல்லணுமாம்.”

பத்தொன்பது வருட சேவை ஒரு யானையால் கவிழ்ந்தது.

அடுத்து யோனா. மீன் வயிற்றுக்குள் போன யோனா நான்கு ஞாயிறு வெளியே வரவில்லை. கூப்பிட்டுக் கண்டித்தேன்.

“வேதத்துல மூணு நாள்தான்னு போட்டிருக்கு. நீங்க ஒரு மாசமா உள்ளேயே வெச்சிருக்கீங்க.”

“நாம வாரத்துக்கு ஒரு நாள்தான சார் பாக்குறோம்? எண்ணிப் பாத்தா நாலு நாளுதான் ஆவுது. ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும், உடுங்க.”

இது போதாதென்று, ஆளை முழுசாக விழுங்குகிற மீனே கிடையாது என்று ஒரு பையனின் அப்பா சண்டைக்கு வந்தார். கடலுக்குப் போகிறவர். நான் சமாதானம் சொல்வதற்குள் தொடரும் அவரை வகுப்புக்குள்ளேயே கூட்டிப்போய், “அண்ணே, நீயே சொல்லு, எந்த மீன் வயிறு எப்டி இருக்கும்?” என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் மீன் குடலைப் பற்றிப் பேசினார். மறைக்கல்விக் குறிப்பேட்டில் அன்றைய பாடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் கோடு போட்டேன்.

இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. வகுப்பில் என் பதிவேட்டின்படி இருபத்திரண்டு பிள்ளைகள். முந்தைய டீச்சர் காலத்தில் பன்னிரண்டு வந்தால் பெரிய விஷயம். இப்போது எண்ணினால் முப்பது தலை இருக்கிறது. எதிர்த் தெருவில் மாரியம்மன் கோயிலை ஒட்டி இருக்கிற பிள்ளைகளெல்லாம் உள்ளே உட்கார்ந்து யோனாவுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன.

“பேர் இல்லாத பசங்கள உள்ள விடாதீங்க” என்றேன்.

“கத கேக்க இன்னா சார் பேரு?” என்றார்.

இப்படி ஆறு மாதம் போனது. முடிந்த கதை நான்கு. அவையும் பிள்ளைகள் கெஞ்சி அழுது முடிக்க வைத்தவை. அப்போதுதான் தேர்வுக் கடிதம் வந்தது.

எங்கள் பங்கில் புதுநன்மைக்கு முன்னால் வெளியிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதில் சொல்லாத பிள்ளை அந்த வருடம் புதுநன்மை வாங்க முடியாது, அடுத்த வருடக் குழந்தைகளோடு மறுபடி உட்கார வேண்டும். பெற்றோர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெள்ளை கவுன்கள் தைத்தாகிவிட்டன. ஜெனிஃபரின் கவுன் பிளாஸ்டிக் உறைக்குள் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதை நானே பார்த்தேன். ஈரக்கையோடு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவள் அம்மா சட்டம் போட்டிருந்தார். அந்த கவுன் சுவரிலேயே ஒரு வருடம் தொங்கினால் நான் அந்த மார்க்கெட் பக்கம் தலைகாட்ட முடியாது. என் காலத்தில் ஒரு குழந்தைகூடத் தேறாமல் நின்றதில்லை.

கடிதத்தில் ஊதாரி மகன் உவமை கட்டாயம் என்று இருந்தது. சொத்தைப் பிரித்துக்கொண்டு ஓடி எல்லாம் தொலைத்துத் திரும்பும் இளையவன், வீட்டோடு இருந்து உழைக்கும் மூத்தவன் என்று இயேசு சொன்ன கதை அது. ஜெபங்களையும் கட்டளைகளையும் நானே வகுப்புக்குப் பிறகு உட்கார வைத்து மனப்பாடம் பண்ண வைத்தேன். தொடருமிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“எட்டு ஞாயிறு இருக்கு. இந்த ஒரு கதையை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க.”

“எட்டு வாரமா? தாராளம் சார்.”

மகன் சொத்தில் பங்கு கேட்டு அப்பாவிடம் சண்டை போட ஒரு ஞாயிறு. வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு ஞாயிறு. கைக்காசைத் தோஸ்துகளோடு அழிக்க ஒரு ஞாயிறு. பிறகு அவன் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் பன்றி மேய்க்கப் போனான். இரண்டு ஞாயிறு பன்றிகளை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பன்றிக்கும் பெயர் இருந்தது. ஆறாவது ஞாயிறு அவன் எழுந்து அப்பாவிடம் நடக்க ஆரம்பித்தபோது நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். ஏழாவது ஞாயிறு ஜன்னலோரம் நின்று கேட்டேன். அவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தான். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் ரயில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவது பெட்டியில் மணி அடித்தது.

“கியூ நகுந்துடுச்சு!”

வராந்தாவிலேயே மடக்கினேன். “வேதத்துல ஏதுய்யா ரயில்வே கேட்டு? எழுந்தான், அப்பாகிட்ட போனான். ஒரே வரி! அடுத்த வாரத்தோட வகுப்பு முடியுது!”

அவர் நிதானமாகச் சொன்னார். “ஓடிப்போன புள்ள டக்குனு திரும்பிடுமா சார்? வெக்கமா இருக்காது? கேட்டு சாத்தனதே நல்லதாப் போச்சுன்னு நின்னுகினு கீறான் சார் அவன். தொறந்தா வூட்டுக்குப் போயாவணுமே.”

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதே கோபத்தை இன்னும் கிளப்பியது.

கடைசி ஞாயிறு நானே வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவழியாக கேட் திறந்தது. கல்மண்டபம் முனையில் அப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், கட்டிப் பிடித்தார், அழுதார். அண்டாவில் பிரியாணி ஏறியது. அந்த நேரத்தில் ஃபாதர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. கதை முடிந்தது, பிள்ளைகள் பிழைத்தன என்று நிம்மதியாக எழுந்து போனேன்.

தேர்வு நாள். சிஸ்டர் முன்னால் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் பக்கவாட்டில் நின்றேன். ஜெபமெல்லாம் தண்ணீராக ஓடியது. ஊதாரி மகன் கதையை ஜெனிஃபர் எழுந்து சொன்னாள். சிஸ்டருக்கு கொருக்குப்பேட்டை கேட் தெரிந்திருந்ததால் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்:

“மூத்த மகன் என்ன பண்ணான்?”

“அவரு வெளியவே நின்னாரு சிஸ்டர். கையில நோட்டு வெச்சிகினு இருந்தாரு. பேரு இல்லாதவன்லாம் உள்ள கீறான், நான் பத்தொம்பது வருசமா ஒரு நாள் லீவு போடல, எனக்கு ஒரு நாளாவது பிரியாணி போட்டீங்களான்னு அப்பாவக் கேட்டாரு. மூக்குக் கண்ணாடிய இப்டி மேல தள்ளிக்கினு கேட்டாரு.”

என் விரல் அப்போது என் மூக்குக் கண்ணாடியின்மேல் இருந்தது.

“அப்புறம் அவன் உள்ள போனானா?” என்றார் சிஸ்டர்.

இருபத்திரண்டு தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன.

“தெரியாது சிஸ்டர். மாமா இன்னும் சொல்லல” என்றாள் ஜெனிஃபர்.

எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு, “இயேசுவும் சொல்லலம்மா. அந்த இடத்துலதான் விட்டுட்டாரு. சரியான பதில், உட்காரு” என்றார். இருபத்திரண்டு பேரும் தேறினார்கள். வீட்டுக்குப் போய் வேதப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார், அத்தோடு சரி. மூத்தவன் உள்ளே போனதாக ஒரு எழுத்துகூட இல்லை. பத்தொன்பது வருடமாக அதை நடத்துகிற எனக்கு இது தெரியவில்லை என்பதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாளே தொடருமைப் பிடித்துக்கொண்டேன். “நான் என்னய்யா உனக்குக் கெடுதல் பண்ணேன்? ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா அந்த மூத்தவனுக்கு?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “கோச்சிக்காதீங்க சார். மூத்தவன எல்லாரும் வில்லன் மாரி சொல்லிட்றாங்க. பாவம் சார் அவன், நாள் பூரா ஒயைக்கிறவன். அவனும் உள்ள வரணும்னு புள்ளைங்க ஆசப்படணும்ல? அதுக்கு அதுங்களுக்குப் புடிச்ச ஆளா இருக்கணும். நா யோசிச்சிப் பாத்தேன், நீங்கதான் சார் ஞாபகத்துக்கு வந்தீங்க.”

என்னைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. “சரி, சரி, போ” என்று கத்திவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

புதுநன்மை அன்று காலை பூசைக்கு முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், எண்ணூர்ல மாட்டிகினேன். முந்தாநாளு நின்ன வண்டி, இன்னும் முன்னால எட்டு வண்டி கீது. உட்டுட்டும் வர முடியல. புள்ளைங்கள பாத்துக்கங்க சார்.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. பூசை நடந்தது. இருபத்திரண்டு வெள்ளுடைகளும் வரிசையாகப் போய் நன்மை வாங்கின. ஒவ்வொரு குழந்தையும் திரும்பி வரும்போது கடைசி வரிசையைத் தேடிப் பார்த்தது. பூசை முடிந்து எல்லோரும் விருந்துக்கு மண்டபத்துக்குப் போனார்கள். எதிர்த் தெருப் பிள்ளைகளும் போனார்கள், நான் தடுக்கவில்லை. நான் மட்டும் வெளியே கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வண்டி நகர எவ்வளவு நேரமாகும் என்று கிளியரிங் ஆபீஸ்காரனுக்குத் தெரியும். தெரிந்தும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் இல்லாமல் உள்ளே போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

மண்டபக் கதவில் வெள்ளை கவுன்கள் கூடிக் குசுகுசுத்தன. ஜெனிஃபர் மட்டும் தைரியமாக என்னிடம் வந்தாள்.

“சார், எல்லாரும் உள்ள கீறாங்க. நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க? கோச்சிகினீங்களா?”

“கோபம் இல்லம்மா. உங்க மாமா வரட்டும், ரெண்டு பேருமா உள்ள வர்றோம். அதுவரைக்கும் பிரியாணி அண்டாவை யாரும் தொறக்கக் கூடாதுன்னு நான் சொன்னதா போய்ச் சொல்லு.”