அடக்கமான எழுத்தாளர்

“எழுத்தாளர் பழனியப்பன் வீடு இதுதானே?”

லோரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த பழனியப்பன் தலையை மட்டும் வெளியே நீட்டினான். “பழனியப்பன் நான்தான். எழுத்தாளரெல்லாம் இங்க யாரும் இல்லையே, சார்.”

அடுப்படியிலிருந்து சந்திரகலா கரண்டியோடு ஓடிவந்தாள். “அவரு எப்பவும் இப்படித்தான் சார். ரொம்ப அடக்கம். உள்ள வாங்க, கோப்பி கலக்குறேன்.”

வந்தவர் அய்யாவு. கோலாலம்பூரில் ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். தம் பத்திரிகையில் தொடர்ந்து கதை எழுதும் பழனியப்பனைப் பேட்டி காண கிள்ளானுக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

அந்தக் கதைகளை எழுதியதெல்லாம் சந்திரகலா. எந்த ஆபீசுக்கும் போகாமல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியே பெயர் வாங்கவேண்டும் என்பது அவள் ஆசை. தன் பெயரில் அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. ‘சமையல் குறிப்பு எழுதலாமே’ என்று அறிவுரை வேறு. ஆத்திரத்தில் அதே கதையை ஓர் எழுத்துகூட மாற்றாமல், புருஷன் பெயரைப் போட்டு அனுப்பினாள். அடுத்த வாரமே அச்சில் வந்தது. அப்புறம் எது அனுப்பினாலும் வந்தது. துறைமுகத்தில் லோரி ஓட்டும் பழனியப்பனுக்கு இது எதுவும் தெரியாது. பத்திரிகையில் அவன் பந்து விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டியதே இல்லை.

“என்னடி இது?” என்று அடுப்படியில் வந்து கிசுகிசுத்தான்.

“அப்புறம் சொல்றேங்க. இப்பத் தலையை மட்டும் ஆட்டுங்க. விஷயம் தெரிஞ்சா இனி ஒரு கதையும் போடமாட்டாங்க.”

பழனியப்பன் போய்த் தலையை ஆட்டினான்.

“பொம்பளைங்க மனசை இவ்வளவு நுட்பமா எப்படி எழுதுறீங்க?” என்று கேட்டார் அய்யாவு.

அதற்குத் தலையை ஆட்டினால் போதாது. பழனியப்பன் யோசித்தான். “அதெல்லாம் எங்க வீட்டுல பாத்துக்குவாங்க, சார்.”

அய்யாவுக்கு மெய்சிலிர்த்தது. ‘என் எழுத்தின் ஊற்று என் மனைவியே’ என்ற தலைப்பில், எண்ணெய்க் கறைச் சட்டையோடு பழனியப்பனின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது.

வந்ததுதான் வினை. துறைமுகத்தில் அவனை வேலை வாங்கும் மண்டோர் தன் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா கேட்டார். சங்கத்துக்காரர்கள் மேடைப் பேச்சு எழுதித் தரச் சொன்னார்கள். செந்தூலிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர், சண்டை போட்டுப் போன பெண்சாதியைத் திரும்ப வரவழைக்கும்படி நாலு வரி கேட்டு வந்தார். பழனியப்பன் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சந்திரகலாதான் எழுதினாள்.

“நான் என் கதையை எப்பங்க எழுதுறது?”

“நம்ம கதை லா, கலா,” என்றான் அவன்.

மெல்ல மெல்ல அவன் ஜிப்பா போட ஆரம்பித்தான். சட்டைப் பையில் மைப்பேனா ஏறியது. ஒருநாள் அவள் எழுதி வைத்ததை எடுத்து, தாடையைத் தடவிக்கொண்டே, “இந்த இடத்துல நானா இருந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருப்பேன்,” என்றான்.

சந்திரகலா அன்றே முடிவு செய்தாள். இரவெல்லாம் நினைத்து நினைத்து, இதுவரை எழுதியதிலேயே சிறந்த கதையை எழுதி, ‘சந்திரகலா, கிள்ளான்’ என்று சொந்தப் பெயரில் அனுப்பினாள்.

அய்யாவு போன் போட்டார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அச்சு அசலா உங்க வீட்டுக்காரர் நடை. அவரைப் பாத்து எழுதுறதை விட்டுட்டு, உங்களுக்குன்னு ஒரு நடையைத் தேடுங்க.”

போனை வைத்துவிட்டு அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பழனியப்பனுக்கு மனசு இளகியது. “விடு கலா. எழுத்து எல்லாருக்கும் வந்துடாது.”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவள் நேராகப் போய் அடுப்பை அணைத்தாள்.

பட்டினி வயிற்றுக்குத் தெளிவு வந்தது. காலையில் ஜிப்பாவை மடித்து வைத்துவிட்டு அவள் எதிரில் வந்து நின்றான். “தப்புதான் கலா. யார் எழுதுறதுன்னு எனக்கே மறந்துபோச்சு. பிரிக்பீல்ட்ஸ்ல எழுத்தாளர் மன்றத்துல எனக்கு மாலை போடப்போறாங்க இல்ல, அந்த மேடையிலேயே உண்மையைச் சொல்லிடுறேன். நீயே எழுதிக் கொடு, நான் படிக்கிறேன்.”

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எழுத்தாளர் மன்றத்துப் பாராட்டு விழா. முதல் வரிசையில் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். பழனியப்பன் எழுந்தான். அவள் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் படித்தான்.

“இந்தக் கதைகளில் ஒரு வரிகூட நான் எழுதியது இல்லை. எல்லாவற்றையும் எழுதியவள் என் மனைவி சந்திரகலா. இந்த மாலை அவளுக்கு உரியது.”

அடுத்த கணம் கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அய்யாவு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட அடக்கம்!” மன்றத் தலைவர் சோமசுந்தரம் பழனியப்பனைக் கட்டிப் பிடித்து, இரண்டாவது மாலையையும் அவன் கழுத்திலேயே போட்டார்.

சந்திரகலா துள்ளி எழுந்தாள். “நெசமாத்தான் சொல்றாருங்க! நான்தான் எழுதினேன்!”

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. “நல்ல பொருத்தமான ஜோடி லா!” என்று யாரோ கத்தினார்கள். மேடையில் பழனியப்பன் இரண்டு மாலைக்கு நடுவிலிருந்து, ‘நான் என்ன செய்ய’ என்பதுபோல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

கண் கலங்க அவள் விடுவிடுவென்று மண்டபத்தின் பின்பக்கம் போனாள். அங்கே மன்றக்காரர்களின் மனைவிமார் ஐந்தாறு பேர் வடையும் தேத்தண்ணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் மனைவி நாச்சாள் ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வடைத் தட்டைக் கையில் கொடுத்தார்.

“அழாம உக்காரு ஆத்தா, தலைவருக்கு எழுதுறது நான், செயலாளருக்கு அந்தப் பச்சைச் சேலை, பொருளாளருக்கு இதோ வடை அடுக்குறாங்களே இவங்க, நாங்களும் ஆளுக்கொருதரம் மேடையில சொல்ல வச்சுப் பாத்தாச்சு.”