மாலுமிச் சட்டைக்குள் நான்

எங்கள் வீட்டுச் சின்ன அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். தலையே போனாலும் சரி. அப்படி என்ன இருக்கிறது அந்த அறையில் என்று கேட்பீர்கள். ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரு சோபா இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு அந்தச் சோபாவில் படுத்தால், திங்கட்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். குடிநீர் அலுவலகத்தில் வாரம் முழுவதும் புகார் மனு படிக்கிறவனுக்கு வேறு என்ன சொத்து வேண்டும்?

அந்தச் சொத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

"ஏங்க, அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா எங்க கிடக்கு? நான் கிடக்கேனே!"

"அதைத்தான் சொன்னேன். அங்க தையல் வகுப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். தெருவுல நாலஞ்சு பொண்ணுங்க கேட்டுட்டாங்க. மெஷினை சமையலறைல வெச்சுக்கிட்டு எத்தனை நாள்தான் தைக்கிறது? போன வாரம் சட்டைக் கையோட கரித்துணியையும் சேத்துத் தைச்சுட்டேன்."

எங்கள் வீட்டில் 'முடியாது' என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவளுக்கும் முழு உரிமை உண்டு. ஆகவே நேரடியாக மோதுவதில் பயனில்லை. தந்திரம் வேண்டும்.

அந்தத் தந்திரம் பழைய சாமான் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. கருநீலக் கம்பளித் துணியில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை.

"போர்க்காலத்து மாலுமி உடுப்பு சார்," என்றார் கடைக்காரர். "நெசமாவே கப்பல்ல போனது."

"எந்தக் கப்பல்?"

"கடல்ல போன கப்பல் சார்."

இவ்வளவு துல்லியமாகத் தகவல் சொல்கிறவரிடம் பேரம் பேசுவது மரியாதையல்ல. வாங்கிவிட்டேன். ஒரு சரித்திரப் பொருள் குடியேறிய அறையில் எவளாவது பாவாடை தைக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

நூலகத்திலிருந்து தலையணை பருமனில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். பூதக்கண்ணாடி வாங்கினேன். ஆராய்ச்சி சூடுபிடித்தது. சட்டைக்கு முன்பக்கம் திறப்பே கிடையாது. பொத்தானும் இல்லை. தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டை முதுகுப் பக்கம் சதுரமாக இறங்கி, ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடுகளோடு இருந்தது. உள்ளே ஒரு துணிப்பட்டையில் மங்கிப்போன மையில் ஏதோ எண். கால்சட்டையில் மடிப்புகள் நெடுக்காக இல்லாமல் குறுக்காக இருந்தன. யாரோ தெரியாமல் மடித்துவிட்டார்கள் என்று என் மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிட்டாள். பாய்ந்து தடுத்தேன்.

"தொடாதே! சின்னப் பெட்டிக்குள்ள அடங்கணும்னு மாலுமிங்க அப்படித்தான் மடிப்பாங்க. புத்தகத்துல இருக்கு. இந்த மடிப்பே ஒரு வரலாறு!"

"மார்புல ஒரு கறை இருக்கே?"

"ரத்தமா இருக்கும்," என்றேன், குரலைத் தாழ்த்தி.

அவள் குனிந்து பார்த்தாள். "முக்கோணமா இருக்குங்க. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு."

"போர்ல என்னென்னவோ நடக்கும். உனக்கு என்ன தெரியும்?"

அன்றே சட்டதிட்டங்களை அறிவித்தேன். வெயில் படக் கூடாது, திரை போட வேண்டும். ஹேங்கரில் மாட்டக் கூடாது, தோள் தொங்கிவிடும். அமிலமில்லாத தாளை விரித்துப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீரில் நனைக்கக் கூடாது. கை கழுவாமல் தொடக் கூடாது. யாரும் போட்டுப் பார்க்கவே கூடாது.

"முக்கியமா, தையல் மெஷின் எண்ணெய் வாசனையே ஆகாது."

"அதுவும் புத்தகத்துல இருக்கா?"

"இருக்கும்."

"பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டா பரவாயில்லையா?"

"காவலுக்கு ஆள் வேணாமா?"

அவள் உடனே தலையாட்டினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் உடனே தலையாட்டுகிற சமயங்களை நான் கவனித்து வைத்திருக்க வேண்டும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, அளவு நாடாவோடு வந்தாள். சட்டையின் தோள், மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் அளந்தாள். என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு அளக்கிறே?"

"சும்மாதான். தைக்கிறவ கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெற்றியை உறுதிப்படுத்திக்கொள்ள ஆசை. நகர அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பராமரிக்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும்படி அழைத்தேன். 'இந்த உடுப்பு இந்த அறையில்தான் இருக்க வேண்டும்' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அறை என் ஆயுளுக்கும் எனக்குத்தான். ஞாயிறு காலை வருகிறேன் என்றார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை மனைவி உடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அந்தக் காலத்து ஆம்பளைங்க உடம்பே உடம்புங்க. என்ன கட்டு! உங்களுக்கெல்லாம் இதுல ஒரு கைகூட நுழையாது."

"யாரு சொன்னது? கல்யாணத்தப்போ நான் எப்படி இருந்தேன் தெரியுமா?"

"தெரியாதே. போட்டோவுல நாற்காலிக்குப் பின்னாடி இல்ல நின்னீங்க? பாதிதான் தெரியுது."

"இப்பவும் நுழையும்!"

"ஐயய்யோ, வேணாங்க. போட்டுக்கீட்டுப் பாத்துடாதீங்க. நீங்களே கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு, போகிற போக்கில் கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய அறை, எதிரே கண்ணாடி, பக்கத்தில் வீரனின் சட்டை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். கைகளைத் தூக்கினேன். தலையை நுழைத்தேன். மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எங்கேயோ அனுப்பிவைத்து, இழுத்தேன். இறங்கியது! கண்ணாடியில் ஒரு மாலுமி நின்றான். கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்ட மாலுமி. ஒரு சல்யூட் அடித்தேன்.

பிறகு கழற்றினேன். கழற்ற முயன்றேன் என்பதே சரி. பாதி தூரம் வந்த சட்டை தோளில் நின்றுவிட்டது. இரண்டு கைகளும் மேலே. முகம் துணிக்குள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எங்கேயோ 'ப்ட்' என்று ஒரு நூல் அறுந்த சத்தம். அதே நேரத்தில் வாசல் மணி அடித்தது.

"ஏம்மா... கொஞ்சம் இங்க வாயேன்..." என்றேன் ஈனஸ்வரத்தில்.

கூப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டாள்.

"அடப்பாவமே! வரலாறு உங்களை முழுங்கிடுச்சே!"

"பேசாதே! புடிச்சு இழு!"

"இழுத்தா கிழியும்ங்க. எவ்வளவு பழைய துணி! பக்கத் தையலைப் பிரிக்கணும், ஒவ்வொரு தையலா. அப்புறம் அதே ஓட்டையிலயே திரும்பத் தைச்சுடலாம். ஆனா அதுக்குத் தையல் தெரிஞ்ச ஆள் வேணுமே."

"நீதான் இருக்கியே!"

"நான் சமையலறைல தைக்கிறவ. இந்த ரூமுல எண்ணெய் வாசனையே ஆகாதுன்னாங்க."

மணி மறுபடியும் அடித்தது.

"எடுத்துக்க! ரூமை எடுத்துக்க!"

"எது? சரியாக் கேக்கல. சட்டைக்குள்ள இருந்து பேசுறீங்க."

"சின்ன ரூமை எடுத்துக்கன்னேன்!"

"ஞாயித்துக்கிழமை?"

"அதையும்தான்!"

"அந்த சோபா இடத்தை அடைக்குமே..."

மணி விடாமல் அடித்தது.

"தூக்கி வெளிய போடு!"

'சரக் சரக்' என்று தையல் பிரிய, பக்கவாட்டில் காற்று வந்தது. வெளிச்சம் வந்தது. நானும் வந்தேன்.

அருங்காட்சியகத்து அம்மா உள்ளே வந்தபோது சட்டை தாளின்மேல் சாதுவாகப் படுத்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பக்கத் தையல் பிரிஞ்சிருக்கே?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"உள்பக்கத்தை நீங்க பாக்க வசதியா இருக்கட்டும்னு நான்தான் பிரிச்சேம்மா," என்றாள் மனைவி. "பழைய நூலைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்."

"ரொம்ப சுத்தமாப் பிரிச்சிருக்கீங்க. யாரும் போட்டுப் பாக்கலையே? சில பேர் அந்த முட்டாள்தனத்தைப் பண்ணுவாங்க."

"சேச்சே! இவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க."

நான் விட்டத்தைப் பார்த்தேன். பொய்யாகச் சொல்லவில்லை, அந்த நிமிடம் அவள்மேல் எனக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

உடுப்பு அசல்தான் என்றார் அந்த அம்மா. போர்க்காலத்துடையதுதான். நான் கடைசி நம்பிக்கையோடு கேட்டேன். "இதுக்குத் தனி ரூம் ஒண்ணு தேவைப்படும், இல்லீங்களா?"

"தனி ரூமா? எதுக்கு? ஒரு அட்டைப்பெட்டி போதும். ஈரம் படாத அலமாரியில வெச்சுடுங்க."

அவர் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. "ஏம்மா, நான் கூப்பிட்டதும் தையல் பிரிக்கிற கத்தியோடவே வந்தியே, எப்படி?"

"கதவுக்கு வெளியதானே நின்னுக்கிட்டிருந்தேன்," என்றாள், பிரித்த நூலைச் சுற்றிக்கொண்டே. "அன்னைக்கே அளந்து பாத்துட்டேனே. உள்ள போவீங்க. வெளிய வரமாட்டீங்க."

இப்போது வகுப்பு அமோகமாக நடக்கிறது. மாலுமி உடுப்பு அட்டைப்பெட்டியில், இருட்டில், யார் தொந்தரவும் இல்லாமல் படுத்துத் தூங்குகிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் நானும் அதே சின்ன அறையில்தான் இருக்கிறேன். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அளவெடுக்கப் பழகுகிறவர்களுக்குக் கஷ்டமான உடம்பு ஒன்று வேண்டுமாம். போன வாரம் நின்ற வாக்கிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். நாடாவோடு நின்ற பெண் என் காதருகே கத்தினாள்:

"டீச்சர், பொம்மை தூங்குது!"