நடந்துபோன மச்சம்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, பாசமும் பயமும் சரிபாதியாகக் கொண்ட தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. உன் முட்டிவலி குறைந்திருக்கும், மாமாவின் இருமலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். எவ்வளவு நலம் என்பது மேலே படித்தால் உனக்கே தெரியும்.

நேற்று போனில் நீ எடுத்த எடுப்பில், "ஏன்டா, சம்பந்தியா வரப்போற மனுஷனோட கால்சட்டையை நடுக்காட்டுல அவுத்தியாமே?" என்று கேட்டாய். நான் "அக்கா, அது வந்து" என்பதற்குள் வைத்துவிட்டாய். இந்தச் செய்தியை உனக்குச் சொன்னவள் என் வீட்டுக்காரிதான். அந்த ஒரு வரியைத் தாண்டி அவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். வாயைத் திறந்தாலே சிரிப்பு முட்டி, விக்கல் எடுத்து, தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள். மூன்று வாரமாக வீட்டில் தண்ணீர்ச் செலவு அதிகம். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் அந்த வரியிலுள்ள பிழையை மட்டும் முதலில் திருத்திவிடுகிறேன். அது நடுக்காடு இல்லை, கார் நிறுத்துகிற இடம். அவிழ்த்தவன் நான் இல்லை, அவிழ்க்கச் சொன்னவன்தான் நான்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நீயும் மாமாவும். மாமாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைத் தலைமையாசிரியராகப் பதினைந்து வருடம் கட்டி ஆண்டவர், பெற்ற மகனும் கட்டிய மனைவியும்கூட 'எச்.எம்.' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையனுக்கு நில அளவைத் துறையில் வேலை. நம் பெண்ணோ இதுவரை நாலு பேரை வேண்டாம் என்று சொன்னவள். நாலாமவன், "நீங்க ஆஸ்பத்திரியில நாய்க்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு கை கழுவிட்டுத்தானே வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டதோடு சரி. அப்படிப்பட்டவள் இந்தப் பையனின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓட்டல்ல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுப் பாக்கறது வேணாம்ப்பா. காட்டுப்பக்கமா ரெண்டு மணி நேரம் நடப்போம். நடந்தா மனுஷங்க எப்படின்னு தெரிஞ்சிடும்" என்றாள். பையன் வீட்டிலிருந்து அரைமணியில் சரி என்று பதில் வந்தது. நான் ஒருவன்தான், "உண்ணி இருக்குமே?" என்று கேட்டேன்.

சிரிக்காதே அக்கா. பெண் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு துண்டறிக்கை கொடுக்கிறார்கள். அது கையில் கிடைத்ததும் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு ஒற்றுப்பிழை இருந்தது. ஆனால் திருத்தித் திருத்திப் படித்ததில் விஷயம் என் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. உண்ணி பறக்காதாம், குதிக்காதாம். புல் நுனியில் ஏறி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நிற்குமாம். நாம் உரசிக்கொண்டு போனால் ஏறிக்கொள்ளுமாம். பறந்து வருகிற எதிரியை அடிக்கலாம். பொறுமையாகக் காத்திருக்கிற எதிரியை என்ன செய்வது?

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துண்டறிக்கையில் சொன்னபடியே கிளம்பினேன். பூச்சி ஏறினால் பளிச்சென்று தெரியும்படி வெள்ளை முழுக்கால்சட்டை, அதன் நுனியை வெள்ளைக் காலுறைக்குள் திணித்து, முழுக்கைச் சட்டையை உள்ளே செருகி, வெளியே தெரிந்த தோலில் எல்லாம் பூச்சி விரட்டித் தைலம். என் வீட்டுக்காரி ஒரு பார்வை பார்த்தாள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா, சாக்கடை அடைப்பு எடுக்கப் போறீங்களா?" என்றாள். பெண் மட்டும், "அம்மா, அப்பா பண்ணதுதான் சரி" என்று சொல்லிவிட்டுத் தானும் அப்படியே செருகிக்கொண்டாள். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட பெருமை இருக்கிறதே, அது அன்றைக்குக் கடைசிப் பெருமை.

எச்.எம். அரைக்கால்சட்டையில் வந்து இறங்கினார். மீசை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. என் காலுறையைப் பார்த்தார். மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பையனும் பெண்ணும் முன்னால் நடந்தார்கள், அம்மாக்கள் நடுவில், நாங்கள் இருவரும் பின்னால். நான் பாதையின் நடுக்கோட்டை விட்டு விலகாமல் கயிற்றின் மேல் நடப்பவன் போல நடக்க, அவரோ இரண்டு பக்கமும் இடுப்புயரப் புல்லைக் கையால் விலக்கி விலக்கி, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்தோம். அவர் மட்டும் புல்லில் காலை நீட்டி, விழுந்து கிடந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "அங்க வேணாம் சார், உண்ணி இருக்கும்" என்றேன். "உண்ணியா? அதெல்லாம் மாட்டுக்கு வர்றது" என்றார். துண்டறிக்கையை நீட்டினேன். வாங்கி, இரண்டாக மடித்து, காபி பிளாஸ்க்குக்கு அடியில் வைத்தார்.

திரும்பிக் கார் அருகே வந்ததும்தான் வினை. அவர் குனிந்து ஷூவைத் தட்டும்போது, இடது முழங்காலின் பின்பக்கத்தில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "சார், உங்க கால்ல உண்ணி" என்றேன். அவர் நிமிராமலே, "அது மச்சம். பள்ளிச் சான்றிதழ்லயே போட்டிருக்கு. இடது முழங்காலுக்குப் பின்னால ஒரு மச்சம்" என்றார். நான் விட்டிருக்கலாம். ஆனால் சட்டைப்பையில் என் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்ததே! புல்லில் மண்டியிட்டு, கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அக்கா, சான்றிதழில் ஒருமை, காலில் பன்மை. இரண்டு மச்சம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று நடக்க ஆரம்பித்தது. நிதானமாக, வேலைக்குப் போகிற மாதிரி நடந்து, கால்சட்டைக்குள் போய் மறைந்தது.

"மச்சம் உள்ள போயிடுச்சு சார்" என்றேன்.

இரண்டாயிரம் பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் அடக்கிய மனிதர் அப்படியே உறைந்துபோனார். பிறகு, நான் எந்த மனிதரிடமும் கேட்டிராத மெல்லிய குரலில், "எங்க போயிருக்கும்?" என்றார். அப்போதுதான் பதற்றத்தில், "அவுருங்க சார், அவுருங்க!" என்று கத்தினேன். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மறுபடி இறங்கி நின்றது. அம்மாக்கள் இருவரும் விரிப்பை எடுத்துத் திரையாகப் பிடித்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. அவர் மனைவி, "தீக்குச்சியைப் பத்தவச்சு சூடு காட்டினா விட்டுடும்" என்றார். என் வீட்டுக்காரி, "நகப்பாலீஷ் தடவினா மூச்சுமுட்டிச் செத்துடும், என் பையிலயே இருக்கு" என்று ஒரு கையால் விரிப்பைப் பிடித்தபடி மறுகையால் பையைத் துழாவ, விரிப்பின் அந்த மூலை இறங்கிவிட்டது. பக்கத்துக் குடும்பம் ஆளுக்கொரு திசையில் பார்த்தது. நான், "நெருப்பும் வேணாம் பாலீஷும் வேணாம், மூணாவது பக்கத்துல கூடாதுன்னு போட்டிருக்கு!" என்று பிளாஸ்க் இருந்த பையைக் கவிழ்த்துத் துண்டறிக்கையைத் தேட, எச்.எம். திரைக்குள்ளிருந்து, "யாராவது ஒருத்தர் பேசுங்க!" என்று அலறினார்.

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றாள் நம் பெண்.

அவள் பையில் எப்போதும் ஒரு கூர்முனை இடுக்கி இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குள் போனாள். நடந்துபோனது தொடையில் உலாத்திக்கொண்டிருந்ததாம், தட்டிவிட்டாள். ஆனால் இடுப்புப்பட்டை ஓரத்தில் வேறொன்று காலையிலிருந்தே கடித்துப் பிடித்திருந்தது. தோலை ஒட்டி அதன் தலைப்பக்கமாக இடுக்கியால் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக, சீராக இழுக்க வேண்டும். அவள் தினம் பத்து நாய்க்குச் செய்கிற வேலை. அதுதான் அக்கா வினை, தினம் நாய்க்குச் செய்கிற வேலை. திரைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது: "ஆடக்கூடாது... ஆடக்கூடாது... ஒண்ணுமில்லடா செல்லம்... நல்ல பையன்ல? இதோ முடிஞ்சது... வந்துடுச்சு! சமத்து!"

பக்கத்துக் குடும்பம் ஒட்டுமொத்தமாகத் திரையின் பக்கம் திரும்பியது.

அதோடு விட்டாளா? கடித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். உண்ணியைச் சின்ன டப்பாவில் போட்டு மூடித் தேதி எழுதினாள். பிறகு கை தானாகப் பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டியது. மனிதர் சாப்பிடுகிற பிஸ்கட்தான், பயப்படாதே. அவரும் வாங்கித் தின்றார். அதைப் பார்த்த பையன் சிரித்தான் பார், காரின் மேல் சாய்ந்து, பிறகு சக்கரத்தோரம் உட்கார்ந்து, பிறகு படுத்தேவிட்டான். பெண்ணுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கினாள். எச்.எம். கால்சட்டையை மாட்டிக்கொண்டார். பெண் கண்ணைத் துடைத்தபடி, "அங்கிள், மூணு வாரம் காய்ச்சலோ தடிப்போ வருதான்னு பாருங்க. வந்தா உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து, துணிகளைக் கொதிநீரில் போட்டு, காது மடல், அக்குள், முட்டிக்குப் பின்னால் என்று சோதித்துக்கொண்டு வந்தால், என் தொப்புளில் ஒன்று குடித்தனம் இருந்தது. மண்டியிட்டபோது சட்டை வெளியே வந்திருக்கிறது. பெண்தான் எடுத்துவிட்டாள். எனக்குப் பிஸ்கட் தரவில்லை.

இன்றோடு இருபத்தோரு நாள். அவர்களிடமிருந்து போன் இல்லை, ஆள் இல்லை. பெண் காலையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள். துக்கத்தை எப்படி மறைக்கிறது பார் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறேன். அவளாக முதல் தடவை வேண்டாம் என்று சொல்லாத இடம் இது. அதை என் வாயால் கெடுத்தேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்பதைவிட, நாமே கௌரவமாக விலகிக்கொள்வது மேல். நீயும் மாமாவும் நாலு நல்ல வார்த்தை போட்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. வீட்டில் சின்னவர்களுக்கெல்லாம் என் ஆசிகள், மாமாவுக்கு என் வணக்கம். உன் கோபம் தணியும்போது என்னையும் விசாரி.

உன் அடங்காத தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் செய்யாதே! உறையை ஒட்டும்போது வாசலில் மணி. எச்.எம்., மனைவி, பையன் மூவரும். அவர் கையில் கோடு போட்ட நோட்டு. இருபத்தோரு நாளும் காலை மாலை உடம்புச் சூடு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம் பெண்ணிடம் நீட்டி, "மூணு வாரம் முடியாம பேசக்கூடாதுன்னு இருந்தேம்மா. நடுவுல எனக்கு ஏதாவது ஆயிட்டா, பொண்ணு பாத்த நேரம் சரியில்லைன்னு யாராவது உன்னைச் சொல்லிடுவாங்களே" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் மனைவி இன்னொரு குட்டை உடைத்துவிட்டார். பையன் இந்த மூன்று வாரத்தில் பதினேழு தடவை மருத்துவமனைக்குப் போயிருக்கிறானாம். அவர்கள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை! கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. ஆனால் மண்டபம் வேண்டாமாம், திறந்தவெளியில்தான் வேண்டுமாம், இடமும் பார்த்துவிட்டார்கள். ஆற்றோரம், முழங்கால் உயரப் புல். முந்நூறு பேர், அக்கா. முந்நூறு பேர்! நான் இதோ, கல்யாணப் பத்திரிகையோடு ஆளுக்கொன்றாக வைக்க, துண்டறிக்கையை முந்நூறு பிரதி அடிக்கச் சொல்ல அச்சகத்துக்கு ஓடுகிறேன்.